ஆறு பேரில் ஒருவர்

அடுத்தவர் பொருளில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அதனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் குறையக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத்தான் அந்தப் பெயர் வந்தது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவளும் ஏதோ அம்மா அப்பா வைத்த பெயர் மாதிரி "சொல்லுங்க" என்று திரும்பிப் பார்ப்பாள்.

பழைய விளையாட்டுச் சாமான்களை வாங்கி விற்கிற கடை அது. விளையாடுகிற வயதுப் பிள்ளைகள் அங்கே வருவதில்லை. தலை நரைத்தவர்களும் வழுக்கை விழுந்தவர்களும்தான் வருவார்கள். சின்ன வயதில் கிடைக்காமல் போனதை இப்போது காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள். அவர்களுக்குப் பொம்மையின் துப்பாக்கி தொலைந்திருந்தால் பிடிக்காது. அட்டைப்பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் முகம் சுருங்கும். ஒரு செட் வந்தால் அது எந்த வருஷத்து அச்சு, எல்லாத் துண்டும் இருக்கிறதா, ஏதாவது போலித் துண்டு சேர்ந்திருக்கிறதா, வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டதா என்று பார்த்து, முதல் தரமா இரண்டாம் தரமா என்று சொல்ல வேண்டும். அதுதான் குறையக்காவின் வேலை.

"நான் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னா ஊரே சண்டைக்கு வருது. இவளைப் பாரு, குறை சொல்லச் சொல்லி மாசம் பொறந்தா கவர்ல போட்டுக் குடுக்கறாங்க" என்று அவளுடைய நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். புருஷன் காலமாகி, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, குறையக்காவும் நாத்தனாரும் மட்டும்தான் அந்த இரண்டு அறை வீட்டில். நடுவில் இருந்த மனிதர் போனாலும் உறவு விட்டுப்போகவில்லை. கடவுள் ஒரு கதவைச் சாத்தும்போது உள்ளே இரண்டு பேரையாவது சேர்த்து வைத்துச் சாத்துகிறார் என்று குறையக்கா நினைத்துக்கொள்வாள்.

கடைக்கு அவள் முதலில் போனது பெருக்கித் துடைக்கத்தான். அலமாரியைத் துடைக்கிறபோது ஒருநாள், "தம்பி, இந்தக் குதிரைக்காரன் இடுப்புல கத்தி இருந்துதே, காணோமே" என்றாள். முதலாளி ஓடி வந்து பார்த்தார். உண்மைதான். முந்தின நாள் வந்தவர்களில் யாரோ கைவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நாலைந்து வகுப்புக்கு மேல் படிக்காதவள். பெட்டிமேல் இருக்கும் எழுத்தைப் படிப்பதற்குத்தான் நேரமாகும். பொம்மையைப் படிக்க நேரமாகாது.

முதலில் பெட்டியைத் திறந்து மோந்து பார்ப்பாள். ஈரத்தில் கிடந்ததா, சிகரெட் பிடிக்கிற வீட்டில் இருந்ததா என்று மூக்கே சொல்லிவிடும். அப்புறம் பொம்மையை இடுப்பில் பிடித்து மெல்ல உலுக்குவாள். கை தொங்கிப்போனால் மூட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாட்டரி போடுகிற இடத்தைத் திறந்தால் அங்கே உப்புப் பூத்திருக்கிறதா என்று தெரியும். போலித் துண்டை நகத்தால் தட்டினால் சத்தம் மட்டமாக இருக்கும். எல்லாம் பார்த்து முடித்த பிறகு குறையைச் சொல்கிற விதம் ஒன்று அவளிடம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில் சொல்வாள். "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. சின்னதா ஒரே ஒரு விஷயம்தான்..." என்று ஆரம்பிப்பாள். குறை இல்லாத ஒரு மனுஷனையும் கடவுள் படைக்கவில்லை, பிளாஸ்டிக் எம்மாத்திரம் என்பது அவள் எண்ணம்.

கடையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. விற்க வருகிறவரிடம் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. முதலாளி வழக்கமாகச் சொல்வார்: "காரணம் கேட்டா கதை வரும். கதை வந்தா விலை போயிடும் அக்கா." குறையக்கா அதை வேதவாக்காக வைத்திருந்தாள். கேட்க ஆசை வந்தால்கூட நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அந்த மனிதர் வந்தது ஒரு மத்தியானம். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. சட்டைப் பையில் லிஃப்ட் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கதவை முதுகால் தள்ளித் திறந்து உள்ளே வந்தார்.

"குறையக்கான்றது..."

"நான்தான் தம்பி. வைங்க, மெதுவா வைங்க."

பெட்டிமேல் பனிமலையும் ஆரஞ்சு உடுப்புப் போட்ட வீரர்களும் படமாக இருந்தன. பனிமலை மீட்பு நிலையம். பார்த்ததும் முதலாளியே எழுந்து வந்துவிட்டார். அதற்காகப் பல வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு மலை. உச்சியில் ஒரு குடில். குடில் வாசலில் கைப்பிடி சுற்றுகிற ஒரு கப்பி. அதில் தொங்கும் கயிற்றில் வீரரை மாட்டி மலையின் பிளவுக்குள் இறக்கலாம், ஏற்றலாம். வீரர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே அச்சு. ஒரே முகம், ஒரே தொப்பி, ஒரே உடுப்பு. ஒவ்வொருவர் முதுகிலும் கழற்றி மாட்டுகிற ஒரு பை.

"எங்கே கிடைச்சுது உங்களுக்கு?" என்றார் முதலாளி.

"லிஃப்ட் ரிப்பேருக்குப் போன ஒரு வீட்டுல காலி பண்ணிட்டிருந்தாங்க. குப்பையில போடறதா இருந்தாங்க. கேட்டு வாங்கிட்டு வந்தேன். அது ஆச்சு, ரெண்டு மூணு வருஷம்."

"உங்க யோகம் பாருங்க, நாங்க போற வீட்டுல எல்லாம் குப்பைதான் கிடைக்குது" என்று முதலாளி சிரித்தார். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை.

"இதை வாங்கறவங்க விளையாடுவாங்களா?" என்று கேட்டார்.

"விளையாட மாட்டாங்க தம்பி. கண்ணாடிக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. தூசி படவிட மாட்டாங்க" என்றாள் குறையக்கா, அவருக்கு நல்லது சொல்வதாக நினைத்து.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கப்பியையே பார்த்தார். "சரி. வீட்டுக்காரி, இது வீட்டுல இருக்க வேண்டாம்னு சொல்லிட்டா. மதிப்புத் தெரிஞ்சவங்க கையில போகட்டும்னு சொல்றா." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, இதுல ஒரே ஒரு ஆளை மட்டும் நான் வெச்சுக்கலாமா? எனக்கு அது போதும். அதனால தரம் ரொம்பக் குறையுமா?"

"ஆறுல ஒண்ணு போனா குறைஞ்சதுதான். பொய் சொல்லக் கூடாது பாருங்க. ஆனா தாராளமா வெச்சுக்குங்க."

"இப்ப எடுக்கலை. நீங்க முழுசாப் பாத்துடுங்க. நாளைக்கு அவளும் வருவா, அவ முன்னாடியே எடுத்துக்கறேன். அதுல ஒரு ஆளு..."

"எல்லாம் ஒண்ணுதானே தம்பி! ஆறும் ஒரே அச்சு. கண்ணை மூடிக்கிட்டு எதை வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்றாள் அவள்.

அவர் குனிந்து பெட்டிமேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று கேட்க அவள் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கடைக் கட்டுப்பாடு.

போனதும் அவள் வேலையில் உட்கார்ந்தாள். நல்ல சாமான். மலை மஞ்சளாகவில்லை. ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் கோணாமல் இருந்தன. கப்பியின் கயிறு மட்டும் பழைய கயிறு இல்லை. அறுந்துபோனதை யாரோ கெட்டியான நைலான் கயிறு போட்டு, முடிச்சுத் தெரியாமல் அழகாகக் கட்டியிருந்தார்கள். வேலை தெரிந்த கை. பிள்ளை கைபட்ட செட்தான், ஆனால் இந்தப் பிள்ளை எதையும் உடைக்கிற பிள்ளை இல்லை. ஒன்றே ஒன்று: கப்பியின் கைப்பிடி மட்டும் தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது குழந்தை.

அந்த லிஃப்ட்காரரின் முகம் அவளுக்குள் நின்றுகொண்டிருந்தது. பாவம், ஏதோ மனக்கஷ்டம். ஒரு வீரனை எடுத்துக்கொண்டால் தரம் இறங்கும். அதை ஈடுகட்ட மீதி எல்லாமாவது பளிச்சென்று இருக்கட்டும், நம்மால் ஆனது, என்று நினைத்தாள். ஆறு பேரின் முதுகுப் பையையும் கழற்றினாள். சோப்புத் தண்ணீரில் எல்லாரையும் குளிப்பாட்டினாள். பழைய பல்துலக்கியால் விரல் இடுக்கு, காலணி மடிப்பு எல்லாம் தேய்த்தாள். அப்படித் தேய்க்கிறபோதுதான் ஒருவனுடைய முதுகில், பை மறைக்கிற இடத்தில், நீலப் பேனாவால் ஏதோ கிறுக்கியிருப்பதைப் பார்த்தாள். புழு நெளிகிற மாதிரி இருந்தது. எழுத்து மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிள்ளைகள் கிறுக்கத்தான் செய்யும். பேனாக் கறை என்றால் தரம் இரண்டு படி இறங்கிவிடும்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். லேசில் போகவில்லை. அழுத்தி எழுதிய மை. பஞ்சை மாற்றி மாற்றி, பொறுமையாக, பிளாஸ்டிக்கின் மினுமினுப்புப் போய்விடாமல் துடைத்துத் துடைத்து ஒரு புள்ளிகூட இல்லாமல் எடுத்துவிட்டாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறந்த அன்று இருந்த மாதிரி இருந்தது. கடவுளே நன்றி என்றாள். ஆறு பேரையும் துணியில் பரப்பிக் காயவைத்து, காய்ந்ததும் கைக்கு வந்த பையை எடுத்து முதுகில் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடுகிறபோது, "இன்னைக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன் அண்ணி" என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

"நீயா? குறை சொல்றதை விட்டுட்டியா?"

"குறையை எடுத்தே விட்டுட்டேன்."

மறுநாள் காலையில் கடைக் குப்பைக்கூடையையும் அவளே கொண்டுபோய்க் கொட்டினாள். பத்து மணிக்கு மேல் லிஃப்ட்காரர் மனைவியோடு வந்தார். மனைவி கடைக்குள் வரவில்லை. வாசலிலேயே, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். பார்வை பெட்டிமேல் விழாதபடி தெருப்பக்கம் திரும்பியிருந்தாள்.

"முதல் தரம்!" என்று முதலாளி கையைத் தட்டினார். "அக்கா ராத்திரி பகலா உழைச்சு மணி மாதிரி ஆக்கிட்டாங்க."

"நான் சொன்ன அந்த ஒருத்தரை எடுத்துக்கறேன்" என்று லிஃப்ட்காரர் குனிந்தார். முதல் வீரனை எடுத்தார். முதுகுப் பையைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது. பையைக் கழற்றிப் பார்க்கிறதைக் கண்டதுமே குறையக்கா எழுந்து நின்றுவிட்டாள். ஆறாவதையும் பார்த்துவிட்டு அவர் மறுபடி முதலாவதை எடுத்தார். ஆறு பையும் கழன்று மேஜைமேல் கிடந்தன.

"இல்லையே" என்றார். "இதுல இருந்துச்சே."

"என்னது தம்பி? பேனாக் கறையா? அதை நான்..." அவளால் முடிக்க முடியவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் புரியாத சின்னப் பையன் மாதிரிப் பார்த்தார். "துடைச்சிட்டீங்களா?" என்றார்.

வாசலில் நின்றவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். "என்ன ஆச்சு? எங்க போச்சு?" மேஜையைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். குறையக்காவிடம் திரும்பி, திட்டாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"எங்க பொண்ணு எழுதினது அக்கா. அஞ்சு வயசு. பள்ளிக்கூடமே போகலை, ஆஸ்பத்திரியும் வீடும்தான். அவளைப் படுக்கையில வெச்சே இவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்குடுத்தார். அப்பான்னு. அவ அதை இடம் வலமா மாத்தி எழுதுவா, கண்ணாடியில காட்டினாத்தான் சரியா இருக்கும். பேப்பர்ல எழுதினதெல்லாம் நான் பெருக்கித் தள்ளிட்டேன். யாருக்குத் தெரியும், இன்னும் எவ்வளவோ எழுதுவான்னு நினைச்சேன். இது ஒண்ணுதான் இருந்துச்சு. பைக்கு அடியில எழுதி ரகசியம் ரகசியம்னு சொல்லுவா."

குறையக்காவுக்குக் குப்பைக்கூடை ஞாபகம் வந்தது. அந்த நீலப் பஞ்சுகூட இப்போது இல்லை.

"அந்த ஆளுதான் நான்" என்றார் லிஃப்ட்காரர். "நான் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி வேலை பாக்கறவன்னு அவளுக்குத் தெரியும். காலையில நான் கிளம்பும்போது கயித்துல மாட்டி உள்ள இறக்கிடுவா. சாயங்காலம் நான் வந்து கதவைத் தட்டினா, ஓடிப்போய்ச் சுத்தி மேல ஏத்துவா. அப்புறம்தான் கதவைத் திறக்க விடுவா." மேஜைமேல் கிடந்த ஆறு பேரையும் காட்டினார். "இதுல எது அக்கா? எழுத்துப் போனாப் போகட்டும். ஆளு எதுன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்களுக்குத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்களே."

குறையக்கா அவர்களை உட்காரச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கடவுளே, இத்தனை வருஷம் கொடுத்த கண்ணை இந்த ஒரு தடவை கைவிட்டுவிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டாள். முதுகில் தேடிப் பிரயோசனம் இல்லை, அதை அவளே துடைத்துவிட்டாள். பையின் கொக்கியில்தான் கயிறு மாட்டுகிறது. தேய்ந்த கொக்கி உள்ள பை எது என்று பார்த்தால் சொல்லிவிடலாம். ஆனால் பைகளை எல்லாம் அவளே கழற்றி, கலைத்து, கைக்கு வந்ததை மாட்டியிருந்தாள். எந்தப் பை யாருடையது என்று இனிமேல் அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம் தொப்பியைப் பார்த்தாள். கயிற்றைச் சுற்றி மேலே ஏற்றினால் கடைசியில் வீரனின் தொப்பி கப்பியில் போய் இடிக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் இடித்திருக்கும். இடித்த இடத்தில் வர்ணம் மயிரிழை அளவாவது போயிருக்க வேண்டும். தொப்பி கழலாது, அதனால் மாறவும் முடியாது. ஒவ்வொரு தலையாக வெளிச்சத்தில் சாய்த்தாள். நாலு பேரை ஒதுக்கினாள். அந்த நாலு பேர் கயிற்றில் தொங்கவே இல்லை. லிஃப்ட்காரர் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார்.

மிச்சம் இரண்டு பேர். இரண்டு தொப்பியிலும் ஒரே இடத்தில் வர்ணம் போயிருந்தது.

அவள் மறுபடி பார்த்தாள். முழங்காலை அசைத்தாள், தோளை அசைத்தாள், மூக்கு நுனியைப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று அச்சாக இருந்தது. "தம்பி, குழந்தை உங்களை ஒருத்தரை மட்டும்தானே இறக்கும்?" என்றாள்.

"ஆமா அக்கா. நான் ஒருத்தன்தான்."

"அப்படின்னா இது சரியா வரலையே. ரெண்டு பேர் கயித்துல போயிருக்காங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் குறையாம."

லிஃப்ட்காரர் விழித்தார். அவர் மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுற்றின விரல் வெளுத்துப்போயிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று குறையக்கா கேட்டாள். கடைக் கட்டுப்பாடு எங்கே போனதோ.

"நீங்க வர நேரமாயிட்டா" என்று அவள் புருஷனைப் பார்த்து ஆரம்பித்தாள். "நீங்க வர நேரமாயிட்டா இன்னொரு ஆளை இறக்கி விடுவா. அப்பா உள்ள மாட்டிக்கிட்டார், நீ போய்க் கூட்டிட்டு வான்னு. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வந்து தட்டறதுக்குள்ள அவனையும் ஏத்தி எடுத்து வெச்சிடுவா. அப்பாகிட்ட சொல்லாதேன்னு எனக்குக் கட்டளை."

"நீ சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்றது?" என்றாள் அவள். "அன்னைக்கும் இறக்கி விட்டா. உங்களுக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு அழைப்பு வந்துச்சே, அன்னைக்கு. போன் எடுக்கலை நீங்க. இங்க வீட்டுல அவளுக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு, அப்பவும் கையை நீட்டி அந்தக் கைப்பிடியைக் கேட்டா. பெட்டுமேலயே கொண்டுவந்து வெச்சேன். ஆளை மாட்டி இறக்கினா. சுத்திக்கிட்டே இருந்தா. வந்துட்டார் வந்துட்டார்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அதைத்தான் என்னால வீட்டுல வெச்சுப் பாக்க முடியலை. உங்களைக் குத்தம் சொல்லலை நான். அந்தக் கைப்பிடி சுத்தற சத்தத்தைத்தான் சகிக்க முடியலை."

லிஃப்ட்காரரின் கிரீஸ் படிந்த கைகள் இரண்டும் முழங்கால்மேல் மல்லாந்து கிடந்தன. அன்றைக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை அந்தக் கைகள்தான் மேலே கொண்டுவந்திருக்கும். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பிறகு கேட்டார். "அக்கா, அப்போ அவ அனுப்பின ஆளு எது?"

அப்பாவாக இருந்த ஆள் அவருக்கு இப்போது வேண்டாம். தன்னைத் தேடி வந்தவன் வேண்டும். குறையக்கா இரண்டு பேரையும் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற முதலாளி அவள் காதோடு, "ஏதாவது ஒண்ணைக் காட்டி இதுதான்னு சொல்லிடுங்க அக்கா. புண்ணியமாப் போகும்" என்று கிசுகிசுத்தார்.

சொல்லியிருக்கலாம். ஒரு விரலை நீட்டினால் போதும். ஆனால் தவறாக நீட்டிவிட்டால், அந்தக் குழந்தை இறக்கி விட்டவன் இந்தக் கடையிலேயே தங்கிப்போவான். யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடிக்குள் பூட்டுவார். ஒரு தடவை நல்லது என்று நினைத்துச் செய்ததே போதும்.

"தெரியலை தம்பி" என்றாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர். அதுக்கு மேல எனக்குத் தெரியலை. தெரியற மாதிரி இருந்ததை நானே துடைச்சிட்டேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். லிஃப்ட்காரரின் மனைவி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று இல்லாமல் இருவரும் நின்றார்கள்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றாள் மனைவி. "மலை வேண்டாம்."

"சரி" என்றார் அவர்.

ஒருவனை அவர் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்னொருவனை அவள் எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகக் குறையக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவில் இருவரும் தள்ளித் தள்ளி நடந்தார்கள். முனையில் வண்டிகள் வந்தபோது அவர் அவள் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டவைத்தார். அதற்கு அப்புறம் விட்டாரா பிடித்தபடியே போனாரா என்று தெரியவில்லை, கண் மறைத்தது.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. நாத்தனார் என்ன ஏது என்று துளைத்தெடுத்து எல்லாவற்றையும் கேட்டாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள், கேட்டு முடித்துவிட்டு, "நீ வேணும்னா பண்ணினே?" என்று மட்டும் சொன்னாள். அது சமாதானமும் ஆகவில்லை, பதிலும் ஆகவில்லை. இருந்தாலும் அவள் அதைத் தவிர வேறு என்ன சொல்வாள்.

மலையும் நாலு வீரர்களும் கடையிலேயே இருந்தன. முதலாளி அதை இரண்டாம் தரத்துக்கும் கீழே எழுதி மேல்தட்டில் வைத்தார். குறையக்கா வேலையை விடவில்லை. விட்டால் வீடு நடக்காது. பேனாக் கறையை மட்டும் அவள் கை தொடுவதில்லை. கறையோடு கூடிய தரத்தையே எழுதிக்கொள்ளுங்கள் என்பாள். முதலாளியும் அப்படியே எழுதிக்கொள்வார்.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் சேகரிப்புக்காரர் ஒருவர் கடைக்குள் ஒதுங்கினார். மேல்தட்டைப் பார்த்ததும் கண் விரிந்தது. இறக்கிக் காட்டச் சொன்னார். மலையைத் தடவினார், கப்பியைச் சுற்றிப் பார்த்தார், வீரர்களை எண்ணினார்.

"அக்கா, இதுல ஆறு பேர் இருக்கணுமே. ரெண்டு பேர் எங்கே?"

குறையக்கா வழக்கம்போல், ரொம்ப நல்ல செட், சின்னதா ஒரு விஷயம்தான், என்று ஆரம்பிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"ரெண்டு பேர் இன்னும் மேல வரலைங்க" என்றாள்.

வந்தவர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்.